கான்ஃபிக் ஏறிவிட்டது, போர்ட் மட்டும் எழவில்லை: ரவுட்டர் கேள்வி பதில்

இந்த முறை கடிதங்களைப் பிரித்தபோது பல பேர் ஏறக்குறைய ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. ரவுட்டரின் கான்ஃபிக்கை, அதாவது அதன் அமைப்பு விவரங்களை, பேக்கப் எடுத்து வைத்திருக்கிறார்கள், அதுவே பெரிய விஷயம், ஆனால் அதைத் திரும்ப ஏற்றும் நாளில் ஏதோ ஒன்று இடறுகிறது. அதனால் மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு வைத்துக்கொண்டு இதை மட்டும் எடுத்திருக்கிறேன்.

கேள்வி: ஐயா, எங்கள் கிடங்கில் இருந்த சிஸ்கோ 2911 ரவுட்டரின் பவர் சப்ளை போய்விட்டது. அதே மாடலைப் பழைய சாமான் கடையில் வாங்கி, முன்பே லேப்டாப்பில் எடுத்து வைத்திருந்த கான்ஃபிக் கோப்பை டிஎஃப்டிபி (எளிய கோப்புப் பரிமாற்ற முறை) மூலம் ரன்னிங்-கான்ஃபிக்கில் ஏற்றினேன். பெரிதாகப் பிழை எதுவும் காட்டவில்லை. ஆனால் லேப்டாப்பைச் செருகிய போர்ட்டைத் தவிர மற்ற இரண்டும் 'அட்மினிஸ்ட்ரேட்டிவ்லி டவுன்' (கட்டளையால் மூடப்பட்டவை) என்கின்றன. கோப்பு கெட்டுப்போயிருக்குமா? (ஈரோடு வாசகர்)

பதில்: கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, பயப்படாதீர்கள். உள்ளே போய் ஒவ்வொரு போர்ட்டுக்கும் 'நோ ஷட்டவுன்' கொடுத்துச் சேமித்தால் இன்றைக்கே வேலை ஓடிவிடும். ஆனால் இது ஏன் நடந்தது என்று தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் இதே காரணத்தால் உங்கள் ரவுட்டரில் இன்னும் சில தப்புகள் சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கலாம்.

சிஸ்கோவின் இயக்க மென்பொருளான ஐஓஎஸ் தன் கான்ஃபிக்கை எழுதிக் காட்டும்போது, மூடியிருக்கும் போர்ட்டுக்குக் கீழே 'ஷட்டவுன்' என்று எழுதும், திறந்திருக்கும் போர்ட்டுக்கு எதுவும் எழுதாது. உங்கள் பழைய ரவுட்டரில் மூன்று போர்ட்டும் திறந்துதான் இருந்தன, அதனால் கோப்பில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது. கடையில் வாங்கிய பெட்டியில் அந்தப் போர்ட்டுகள் மூடிக் கிடந்தன. நீங்கள் ரன்னிங்-கான்ஃபிக்கில் ஒரு கோப்பை ஏற்றும்போது, ரவுட்டர் அந்தக் கோப்பின் வரிகளை நீங்களே கீபோர்டில் ஒவ்வொன்றாகத் தட்டுவது போல எடுத்துக்கொள்கிறது, ஏற்கெனவே இருப்பதன் மேல் இதைக் கலக்கிறது. 'திற' என்று சொல்லும் வரி கோப்பில் இல்லாததால் மூடியது மூடியபடியே இருந்துவிட்டது. லேப்டாப்புக்காக நீங்கள் கையால் திறந்த ஒன்று மட்டும் திறந்திருக்கிறது.

'கலக்கிறது' என்ற அந்தச் சொல்லைத்தான் மனதில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். ஏற்றுவது என்றதும் பழைய தாளை எடுத்துவிட்டுப் புதுத் தாளை வைப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். ரன்னிங்-கான்ஃபிக் என்பது ரேமில் ஓடிக்கொண்டிருப்பது, அதில் ஏற்றினால் கலப்புதான். ஐபி முகவரி மாதிரி ஒன்றுதான் இருக்க முடியும் என்ற இடங்களில் புதியது பழையதைத் தள்ளிவிடும், சரி. ஆனால் ஸ்டாட்டிக் ரூட் (கையால் எழுதிய வழித்தடம்), ஆக்சஸ் லிஸ்ட் (எதை விடலாம், எதை மறுக்கலாம் என்ற பட்டியல்) எல்லாம் ஒன்றின் கீழ் ஒன்றாகச் சேர்ந்துகொண்டே போகும். கடைக்காரர் பெட்டியைத் துடைக்காமல் கொடுத்திருந்தால், முந்தைய உரிமையாளரின் ஆக்சஸ் லிஸ்ட் 101-இன் கடைசியில் 'எல்லாவற்றையும் மறு' என்ற வரி இருக்கலாம். உங்கள் 101-இன் வரிகள் அதற்குக் கீழே போய்ச் சேரும். ரவுட்டர் மேலிருந்து கீழாகப் படித்து முதல் பொருத்தத்திலேயே நின்றுவிடும், ஆக உங்கள் வரிகள் கோப்பில் இருந்தும் ஒன்றுக்கும் உதவாது. இதைக் கண்டுபிடிக்க ஒரு நாள் முழுக்கப் போனவர்களை எனக்குத் தெரியும்.

அதனால் நேரம் கிடைக்கும்போது ஒரு முறை சுத்தமாகச் செய்துவிடுங்கள். ரவுட்டரோடு நேரடியாகப் பேசும் கன்சோல் கேபிளில் உட்காருங்கள், நெட்வொர்க் வழியாக வேண்டாம். சேமித்த கான்ஃபிக்கை அழிக்கும் 'ரைட் இரேஸ்' கொடுத்து ரீலோட் செய்யுங்கள், ஆரம்ப அமைப்பு உரையாடல் வேண்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒரு போர்ட்டுக்கு மட்டும் ஐபி கொடுத்துத் திறந்து, லேப்டாப்பை அதே சப்நெட்டில் (அதே ஐபி வரம்பில்) வைத்து, கோப்பை ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கில், அதாவது ரவுட்டர் எழும்போது படிக்கும் கான்ஃபிக்கில், காப்பி செய்யுங்கள். அது கரண்ட் போனாலும் அழியாத என்விரேமில் இருப்பது, அங்கே கலப்பு கிடையாது, பழையது போய்ப் புதியது உட்காரும். அப்புறம் ரீலோட். இப்போது ரவுட்டர் ஒரு கேள்வி கேட்கும்: கான்ஃபிக் மாறியிருக்கிறது, சேமிக்கட்டுமா? இங்கே 'இல்லை' என்றுதான் சொல்ல வேண்டும். பழக்க தோஷத்தில் 'ஆம்' என்று தட்டினால், ரேமில் இருக்கும் அரைகுறைக் கான்ஃபிக், இப்போதுதான் நீங்கள் கவனமாக ஏற்றி வைத்ததன் மேல் போய் உட்கார்ந்துவிடும். இப்படி ஸ்டார்ட்அப்பிலிருந்து எழும்போது 'ஷட்டவுன்' என்று எழுதப்படாத போர்ட் தானாகவே திறந்து வரும், நீங்கள் பார்த்த பிரச்சினையே வராது.

பழைய பெட்டி என்பதால் இன்னொன்றும் பாருங்கள். 'ஷோ வெர்ஷன்' கொடுத்தால் கடைசி வரியில் கான்ஃபிகரேஷன் ரெஜிஸ்டர் இருக்கும். அது 2102 என்று முடிய வேண்டும். 2142 என்று இருந்தால், யாரோ பாஸ்வேர்டை மீட்க மாற்றியவர்கள் திரும்ப வைக்க மறந்துவிட்டார்கள், அந்த நிலையில் ரவுட்டர் எழும்போது ஸ்டார்ட்அப்-கான்ஃபிக்கைத் திரும்பிக்கூடப் பார்க்காது. நீங்கள் எத்தனை முறை சேமித்தாலும் கரண்ட் போய் வந்தால் வெறும் பெட்டியாகத்தான் எழும்.

கோப்பில் வராதவையும் இருக்கின்றன. தூரத்திலிருந்து பாதுகாப்பாக உள்ளே நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கான ஆர்எஸ்ஏ சாவி கான்ஃபிக் கோப்பில் இருக்காது, ஹோஸ்ட்நேமும் டொமைன் பெயரும் சரியாக உட்கார்ந்த பின் புதிதாக உருவாக்கிக்கொள்ள வேண்டும். 2048 பிட் வைத்துக்கொள்ளுங்கள். விபிஎன் ஓட்டினீர்கள் என்றால் லைசென்ஸையும் பாருங்கள். 2911-இல் செக்யூரிட்டி லைசென்ஸ் அந்தந்தப் பெட்டியின் சீரியல் எண்ணோடு கட்டப்பட்டது. பழைய பெட்டியில் இருந்தது என்பதற்காக இதில் இருக்காது, இல்லையென்றால் விபிஎன் வரிகளை ரவுட்டர் ஏற்காமல் தள்ளிவிட்டிருக்கும், அந்தச் செய்தி நீளமான ஓட்டத்தில் கண்ணில் படாமல் போயிருக்கும்.

ஓடிக்கொண்டிருக்கும் ரவுட்டரை ரீலோட் செய்யாமல் பழைய நிலைக்குக் கொண்டுவர 'கான்ஃபிகர் ரிப்ளேஸ்' என்ற கட்டளை இருக்கிறது, கோப்பை முதலில் ரவுட்டரின் ஃபிளாஷ் சேமிப்பகத்தில் போட்டுவிட்டு அதைக் காட்டினால் போதும். ஓடும் கான்ஃபிக்குக்கும் கோப்புக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு, கூடுதலாக இருப்பதை நீக்கி, இல்லாததைச் சேர்க்கும். கோப்பு முழுமையானதாக இருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை. நான்கு வரி வெட்டி வைத்த துண்டுக் கோப்பைக் கொடுத்தால் மீதி எல்லாவற்றையும் அது கூடுதல் என்று நினைத்து நீக்கத் தொடங்கும்.

கேள்வி: என்னிடம் இருப்பது பழைய 1841-இன் கான்ஃபிக். அதை 2911-இல் ஏற்றலாமா? (கரூர் வாசகர்)

பதில்: அப்படியே ஏற்றாதீர்கள். 1841-இல் போர்ட் பெயர் ஃபாஸ்ட்ஈதர்நெட் 0/0, 0/1. 2911-இல் கிகாபிட்ஈதர்நெட் 0/0, 0/1, 0/2. முதலில் கோப்பைத் திறந்து பெயர்களை மாற்றுங்கள், போர்ட்டின் கீழ் மட்டும் பார்த்தால் போதாது, நாட் (முகவரி மாற்றும்) வரியிலும் ரூட் வரியிலும் போர்ட் பெயர் ஒளிந்திருக்கும். மாற்றாமல் வரிவரியாக ஒட்டினால் என்ன ஆகும் என்றால், இல்லாத போர்ட்டின் பெயரை ரவுட்டர் மறுத்துவிடும், ஆனால் அதற்குக் கீழே வரும் ஐபி முகவரி வரியை, அதற்கு முன் கடைசியாக எந்தப் போர்ட்டுக்குள் நின்றதோ அதற்குச் சொன்னதாக எடுத்துக்கொள்ளும். நடுவில் இருக்கும் ஆச்சரியக்குறி வெறும் குறிப்புதான், அது போர்ட்டை விட்டு வெளியே கொண்டு வராது. ஒரு போர்ட்டின் முகவரி இன்னொன்றில் போய் உட்கார்ந்துகொள்வது இப்படித்தான்.

கேள்வி: விடுதிக்கு மைக்ரோடிக் ஹெக்ஸ் ரவுட்டர் ஒன்று வைத்திருக்கிறேன். இரண்டாவது கட்டடத்துக்கும் அதே மாடல் வாங்கி, முதலாவதில் எடுத்த பேக்கப் கோப்பை ரீஸ்டோர் செய்து, ஐபி முகவரியை மட்டும் மாற்றி அதே நெட்வொர்க்கில் இணைத்தேன். அன்றிலிருந்து இரண்டு கட்டடத்திலும் நெட் வருவதும் போவதுமாக இருக்கிறது. ஐபி மோதல் இல்லை, பார்த்துவிட்டேன். (திருச்சி வாசகர்)

பதில்: ஐபி மோதவில்லை, மேக் முகவரி, அதாவது ஒவ்வொரு போர்ட்டுக்கும் உரிய வன்பொருள் முகவரி, மோதுகிறது. மைக்ரோடிக்கில் பேக்கப் என்ற பெயரில் வரும் கோப்பு பைனரி. அது அதே பெட்டியை அதே நிலைக்குக் கொண்டுவரத்தான் இருக்கிறது, அதனால் போர்ட்டுகளின் மேக் முகவரி வரை எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வரும். இப்போது உங்கள் ஸ்விட்சின் கண்ணுக்கு ஒரே மேக் இரண்டு பக்கமும் தெரிகிறது, ஒரு நிமிடம் இந்தப் பக்கம் அனுப்பும், அடுத்த நிமிடம் அந்தப் பக்கம்.

உடனடியாக, இரண்டாவது பெட்டியைக் கழற்றி லேப்டாப்போடு மட்டும் இணைத்து, ஈதர்நெட் போர்ட் ஒவ்வொன்றிலும் 'ரீசெட் மேக் அட்ரஸ்' கொடுங்கள், பெட்டியோடு வந்த சொந்த முகவரிக்குத் திரும்பிவிடும். போர்ட்டுகளை ஒன்றாகச் சேர்க்கும் பிரிட்ஜையும் பாருங்கள், அதில் அட்மின் மேக் என்று ஓர் இடம் உண்டு, இயல்பு அமைப்பிலேயே அதில் ஒரு முகவரி எழுதப்பட்டிருக்கும், அதையும் இந்தப் பெட்டிக்குரியதாக மாற்ற வேண்டும்.

வேறு பெட்டிக்குக் கொண்டுபோக வேண்டுமென்றால் எப்போதும் எக்ஸ்போர்ட்தான். அது எழுத்துக் கோப்பு, திறந்து படிக்கலாம், வெட்டலாம், மாற்றலாம். ஆனால் மைக்ரோடிக்கின் மென்பொருளான ரவுட்டர்ஓஎஸ் 7-இலிருந்து எக்ஸ்போர்ட் பாஸ்வேர்டுகளை இயல்பாகவே மறைத்துவிடுகிறது, அவையும் வேண்டுமென்றால் 'ஷோ சென்சிட்டிவ்' என்று சேர்த்துக் கேட்க வேண்டும். அதைச் சேர்க்காமல் எடுத்த கோப்பை ஆறு மாதம் கழித்து ஏற்றினால் பிபிபிஓஇ இணைப்பு (பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து எடுக்கும் இணைய இணைப்பு) எழாது, ஏன் என்று புரியாமல் இணைய நிறுவனத்துக்கு போன் செய்துகொண்டிருப்பீர்கள். உள்ளே நுழையும் பயனர் கணக்குகளும் சான்றிதழ்களும் எக்ஸ்போர்ட்டில் வரவே வராது, அவற்றைத் தனியாகக் குறித்து வைக்க வேண்டும்.

ஏற்றும்போதும் ஒரு வழக்கம் வைத்துக்கொள்ளுங்கள். புதுப் பெட்டியில் ஏற்கெனவே 192.168.88.1 என்ற முகவரியோடு ஒரு இயல்பு அமைப்பு இருக்கும். அதன் மேல் இம்போர்ட் கொடுத்தால் 'இது ஏற்கெனவே இருக்கிறது' என்ற ஏதாவதொரு வரியில் இடித்து அந்த இடத்திலேயே நின்றுவிடும், பாதி ஏறியிருக்கும், பாதி இருக்காது. ஈரோடு வாசகரின் கலப்புப் பிரச்சினையேதான், உருவம் மட்டும் வேறு. அதனால் 'ரீசெட் கான்ஃபிகரேஷன்' கட்டளையில் இயல்பு அமைப்பு வேண்டாம் என்று சொல்லி, ரீசெட்டுக்குப் பின் ஓட வேண்டிய கோப்பாக உங்கள் எக்ஸ்போர்ட்டைக் காட்டுங்கள். கோப்பின் முதல் வரியில் 15 விநாடி காத்திரு என்று ஒரு டிலே வைத்துவிடுங்கள், இல்லையென்றால் போர்ட்டுகள் எல்லாம் எழுந்து முடிக்கும் முன்பே கோப்பு ஓடத் தொடங்கி, 'அப்படி ஒரு போர்ட் இல்லை' என்று பாதியில் நின்றுவிடும். ஏதாவது தப்பாகப் போனாலும் வின்பாக்ஸ் என்ற மைக்ரோடிக் நிர்வாக மென்பொருளில் மேக் முகவரி வழியாக உள்ளே போகலாம் என்பது மைக்ரோடிக்கில் எனக்கு மிகவும் பிடித்த வசதி.

கேள்வி: வீட்டு டிபி-லிங்க் ரவுட்டர் இடியில் போய்விட்டது. அதே பெயர் போட்ட புதியதை வாங்கினோம். மகன் முன்பு எடுத்து வைத்த கோப்பைக் கொடுத்தால் ஏற்க மாட்டேன் என்கிறது. மகன் வெளிநாட்டில் இருக்கிறான். என்ன செய்ய? (நாகர்கோவில் வாசகி)

பதில்: அம்மா, பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் லேபிளில் மாடல் பெயருக்குப் பக்கத்தில் வெர்ஷன் எண் இருக்கும். பெயர் ஒன்றாக இருந்தாலும் வெர்ஷன் மாறினால் உள்ளே இருக்கும் சிப்பும் மென்பொருளும் வேறாக இருக்கலாம், அதனால் கோப்பை ஏற்காது. அந்தக் கோப்போடு போராட வேண்டாம், வீட்டு ரவுட்டரைக் கையால் அமைப்பது கால் மணி நேர வேலை.

இணைய நிறுவனத்திடம் பிபிபிஓஇ பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டு வாங்குங்கள், இணைப்பில் போட வேண்டிய விலேன் எண் (நெட்வொர்க்கைப் பிரிக்கும் எண்) ஏதாவது உண்டா என்றும் கேளுங்கள். அப்புறம் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் பழையதில் இருந்தபடியே, பெரிய எழுத்து சின்ன எழுத்து மாறாமல் வையுங்கள், பாதுகாப்பு வகையையும் முன்பு இருந்ததுபோலவே வையுங்கள். டிவி, போன், கேமரா எல்லாம் பழைய ரவுட்டர் என்றே நினைத்துத் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும், ஒவ்வொன்றிலும் போய்ப் பாஸ்வேர்டு போட வேண்டியதில்லை. இவற்றை ஒரு நோட்டில் எழுதி வைத்துவிடுங்கள், மகன் இல்லாத நேரத்திலும் அந்த ஒரு பக்கம் போதும்.

கேள்வி: தலைமை அலுவலகத்தில் இருந்தபடியே கிளை ரவுட்டரில் புதுக் கான்ஃபிக்கை ஏற்ற வேண்டும். பாதியில் தொடர்பு அறுந்துவிட்டால்? (மதுரை வாசகர்)

பதில்: இந்தக் கேள்விக்கு நான் அனுபவத்தில் பதில் சொல்கிறேன். முன்பு ஒரு நிறுவனத்தில் வேலை செய்தபோது, தூரத்து ஊர்க் கிளையின் ரவுட்டரில் மாலையில் ஒரு கோப்பை ஏற்றினேன். அதில் ஒரு ஆக்சஸ் லிஸ்ட் இருந்தது, நான் எந்த முகவரியிலிருந்து உள்ளே வந்தேனோ அதற்கு அனுமதி எழுத விட்டுப்போயிருந்தது. அந்த வரி ஏறிய நொடியில் திரை அப்படியே நின்றது. கிளையில் எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டார்கள். இரவு பஸ் ஏறிப்போய், காலையில் அலுவலகம் திறக்கும்வரை வாசல் திண்ணையில் உட்கார்ந்திருந்தேன். பெட்டியை அணைத்துப் போட்டதும் எல்லாம் சரியாகிவிட்டது, ஏனென்றால் நான் அதைச் சேமித்திருக்கவில்லை. அணைத்துப் போடும் அந்த வேலையை ரவுட்டரே செய்துகொள்ளும்படி முதலிலேயே சொல்லி வைக்கலாம் என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது.

சிஸ்கோவில், வேலையைத் தொடங்கும் முன் 'ரீலோட் இன் 10' என்று கொடுத்துவிடுங்கள். பத்து நிமிடத்தில் ரவுட்டர் தானாக ரீலோட் ஆகி, கடைசியாகச் சேமித்த நிலையில் எழும். உங்கள் மாற்றம் நன்றாக ஓடினால் 'ரீலோட் கேன்சல்' கொடுத்துவிட்டு, அதற்கப்புறம் சேமியுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது, முதலிலேயே சேமித்துவிட்டால் ரீலோட் ஆகியும் தப்பான கான்ஃபிக்தான் எழும். 'கான்ஃபிகர் ரிப்ளேஸ்' கட்டளையோடும் நேரம் கொடுக்கலாம், அந்த நேரத்துக்குள் 'கான்ஃபிகர் கன்ஃபர்ம்' சொல்லாவிட்டால் ரீலோட் இல்லாமலேயே பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

ஜூனிப்பர் வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் சுலபம். அங்கே நீங்கள் எழுதுவது எதுவும் கமிட் (உறுதி) செய்யும்வரை ஓடாது, ஏற்றும்போதும் 'லோட் மெர்ஜ்' என்றால் கலக்க, 'லோட் ஓவர்ரைடு' (load override) என்றால் முழுவதும் மாற்ற என்று நீங்களே தேர்ந்தெடுக்கலாம். 'கமிட் கன்ஃபர்ம்ட்' கொடுத்தால் பத்து நிமிடத்துக்குள் இன்னொரு முறை கமிட் செய்ய வேண்டும், செய்யாவிட்டால் தானாகத் திரும்பும். மைக்ரோடிக்கில் கன்ட்ரோல் எக்ஸ் அழுத்தினால் சேஃப் மோட், தொடர்பு அறுந்தால் அந்த நேரத்தில் செய்த மாற்றங்கள் பின்வாங்கப்படும்.

எந்தப் பெட்டியாக இருந்தாலும் கிளையில் ஒருவரையாவது அந்த நேரம் இருக்கச் சொல்லுங்கள். வாட்ச்மேனாக இருந்தாலும் சரி, எந்த ஸ்விட்சை அணைத்துப் போட வேண்டும் என்று முன்கூட்டியே காட்டி வையுங்கள்.

கேள்வி: திரையில் வந்த கான்ஃபிக்கை அப்படியே நோட்பேடில் ஒட்டி வைத்திருக்கிறேன். அது பேக்கப் ஆகுமா? சரிபார்க்க ஒரு தெரிந்த டெக்னீஷியனுக்கு வாட்ஸப்பில் அனுப்பலாமா? (சேலம் வாசகர்)

பதில்: ஆகும், கொஞ்சம் சுத்தம் செய்தால். பக்கம் பக்கமாக நின்று வந்திருந்தால் நடுவில் 'மோர்' என்ற வரிகள் கலந்திருக்கும், அடுத்த முறை 'டெர்மினல் லெங்த் 0' கொடுத்துவிட்டு எடுங்கள். வேர்டில் மட்டும் ஒட்டி வைக்காதீர்கள், அது மேற்கோள் குறிகளை வளைத்துவிடும். திரும்ப ஒட்டும்போது கன்சோலின் வேகம் வழக்கமாக 9600 தான், மொத்தமாகக் கொட்டினால் நடுவில் எழுத்துகள் விழுந்துபோகும், டெரா டெர்ம் என்ற கன்சோல் மென்பொருளில் ஒவ்வொரு வரிக்கும் சிறு இடைவெளி விடும்படி வைக்கலாம்.

டெக்னீஷியனுக்கு அப்படியே அனுப்பாதீர்கள். கோப்பில் பாஸ்வேர்டுக்குப் பக்கத்தில் 7 என்ற எண் இருந்தால் அது பூட்டியதுபோலத் தெரியும், உண்மையில் யாரும் நொடியில் திருப்பி எடுத்துவிடலாம். ரவுட்டரைக் கண்காணிக்க உதவும் எஸ்என்எம்பியின் கடவுச்சொல் போன்ற கம்யூனிட்டி பெயரும் பெரும்பாலும் வெறும் எழுத்தாகவே கிடக்கும். இவற்றையும் விபிஎன் சாவிகளையும் அழித்த ஒரு பிரதியை அனுப்புங்கள். டிஎஃப்டிபிக்கும் இதே எச்சரிக்கைதான், அதில் பயனர் பெயர், பாஸ்வேர்டு, மறைகுறியாக்கம் எதுவும் கிடையாது. லேப்டாப்புக்கும் ரவுட்டருக்கும் நேரடியாக ஒரு கேபிள் போட்டுப் பயன்படுத்துங்கள், அலுவலக நெட்வொர்க் வழியே என்றால் மறைகுறியாக்கத்தோடு கோப்பை அனுப்பும் எஸ்சிபி.

கேள்வி: எத்தனை நாளுக்கு ஒரு முறை பேக்கப் எடுக்க வேண்டும்? (புதுச்சேரி வாசகர்)

பதில்: நாள் கணக்கு வேண்டாம். ஒரு மாற்றம் செய்தீர்களா, அது ஓடுகிறது என்று பார்த்ததும் எடுங்கள். கோப்பின் பெயரில் ரவுட்டர் பெயரும் தேதியும் இருக்கட்டும். ரவுட்டரின் ஃபிளாஷிலேயே மட்டும் வைத்தால் பெட்டி செத்த அன்று அதுவும் சேர்ந்து போய்விடும், வெளியே ஒரு பிரதி கட்டாயம். பத்துப் பதினைந்து பெட்டிகளுக்கு மேல் இருந்தால் ஆக்ஸிடைஸ்ட் அல்லது ரான்சிட் என்ற இலவச மென்பொருளைப் போட்டுவிடுங்கள், அவையே போய் எடுத்து வந்து, எந்த வரி எப்போது மாறியது என்பதையும் காட்டும். கூடவே மென்பொருள் பதிப்பு எண்ணையும் அந்தக் கோப்பின் தலையில் எழுதி வையுங்கள், புதுப் பெட்டியில் ஏற்றும் நாளில் முதலில் தேடப் போவது அதைத்தான்.